இரட்டை அச்சு

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்து நான்கு.
அணைக்கட்டருகே ஆறு மட்டும்
உறையாமல் புகைந்துகொண்டிருக்கிறது.
உள்ளே, பதினெட்டு டிகிரியில்
நானூறு தவளை முட்டைகள்:
மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சீம்பால் நிறம்.

ஒக்ஸானா ஊசி பிடித்தால் யாரும் பேசுவதில்லை.
நான்கு செல்லான கருவில்
வயிற்றுப் பக்கத்து ஒன்றுக்குள்
ஒரு சொட்டு.
சொட்டு என்பதே பெரிய வார்த்தை.
என் வேலை எண்ணுவது, காத்திருப்பது.

வகுப்புதோறும் சொல்லிச் சலித்ததுதான், இருந்தாலும்:
தோலாகு என்று
பக்கத்துச் செல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.
சொல்லாமல் விட்டால்,
சொன்னதை வழியில் யாராவது மறித்தால்,
அது பாட்டுக்கு மூளையாகிவிடும்.

மூன்றாம் நாள் காலை
எழுபத்தொன்றாவது கருவில்
இரண்டு தலை, நான்கு கண், ஒரே வால்.
கையுறையோடு கை தட்டினாள் ஒக்ஸானா.
சத்தமே வரவில்லை.

குறிப்பேட்டில் எழுதிவிட்டு
கிண்ணத்தின் விளிம்பை நகத்தால் தட்டினேன்.
ஒரு தலை இந்தப் பக்கம் போகப் பார்த்தது,
மற்றது அந்தப் பக்கம்.
எந்தப் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல்
வால்
இருந்த இடத்திலேயே
வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தது.