கால் டேங்க், வலது வளைவு

போன வருஷம் கோவையில்
ஆறாவது சுற்று, நீண்ட வலது வளைவு.
எஸ்டீம் ஒருமுறை இருமியது.
இன்னும் மிதித்தேன்.
இன்னும் இருமியது.
பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள்
மூன்றிலிருந்து பூஜ்யத்தில் விழுந்து
ஒன்றுமே நடக்காதது போல எழுந்துகொண்டது.
அந்த அரை நொடியின் விலை
சேலத்துக்கு இழுத்து வந்து பிரித்தபோது தெரிந்தது:
இரண்டாம் பிஸ்டனின் தலையில்
மிளகளவு ஓட்டை.

இப்போது அது மில் ஆபீஸில்
எடைச்சீட்டுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
ஜவ்வரிசிக்கு விலை பேச வரும் இந்தூர்க்காரர்கள்
பேச்சு முறியும் இடங்களில்
அதன் ஓட்டையில் குண்டூசி விட்டுப் பார்க்கிறார்கள்.

பெட்ரோல் தீர்ந்துபோகவில்லை.
பதினோரு லிட்டர் இருந்தது.
இருக்கவேண்டிய மூலையில் இல்லை,
அவ்வளவுதான்.
வண்டி வலது பக்கம் திரும்பத் திரும்ப
அது இடது சுவரில் ஏறி நின்றுகொள்கிறது.
பம்ப்பின் வாய் வெறும் தகரத்தை உறிஞ்சுகிறது.
காற்றைக் குடித்த என்ஜினுக்கு
பசி தெரிவதில்லை,
காய்ச்சல்தான் வருகிறது.

முழு டேங்க் போட்டு ஓட்டு என்றார்கள்.
முப்பது கிலோவை
வளைவுக்கு வளைவு இடுப்பில் வைத்துக்கொண்டு
யார் ஓடுவது?

அஸ்தம்பட்டி சிக்னலில் ஒரு நாள்
முன்னால் பாதி நிறைந்த தண்ணீர் லாரி.
பிரேக் பிடித்து நின்றுவிட்டது.
நின்ற பிறகு, தானாக,
ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.
உள்ளே தண்ணீருக்கு
சிவப்பு விளக்கு தாமதமாகத் தெரிகிறது.

மறுநாள் மில்லில்
கிழங்குப்பால் தொட்டிகளின் ஓரமாக நின்றேன்.
பத்து வருஷமாகப் பார்க்கும் தொட்டிகள்.
குறுக்கே பலகை, பலகையின் அடியில் துளை.
வேகமாக வரும் பால் முட்டிக்கொண்டு
மெதுவாகக் கசிந்து அடுத்த அறைக்குப் போகிறது.
பத்து வருஷமாக.

கொண்டலாம்பட்டி ஷாநவாஸ்
டேங்க்கை வெட்டித் திறந்து
மூன்று தடுப்புத் தகடு வைத்தான்.
அதோடு டிக்கியில்
இரண்டு லிட்டர் அலுமினியக் குடுவை ஒன்று.
பெரிய டேங்க்கிலிருந்து சின்ன பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்,
என்ஜின் அதன் அடியிலிருந்து மட்டுமே குடிக்கும்,
மிஞ்சினது மேல்வழியாகத் திரும்பிப் போகும்.
"பால் கேனா?" என்றான்.
"சீட்டுப் பணம்" என்றேன்.
மாசக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது.
சிரித்துவிட்டு
நானூறு ரூபாய் கூடவே வாங்கினான்.

ஜூன். சீசன் ஓய்ந்த ஞாயிறு.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் உலர்களம்
ஒரு மணி ஜவ்வரிசி இல்லாமல்
இரண்டு ஏக்கர் வெறும் சிமெண்டு.
டேங்க்கில் கால்வாசி.
பின்சீட்டில் புவியரசு,
மடியில் தீயணைப்பான், கையில் டார்ச்,
கண் கண்ணாடிக் குழாயில்.
வலது. வலது. வலது.
சக்கரம் அலற, மாவுத்தூள் எழுந்து
சேர்வராயன் மலை பாதி மறைந்தது.

ஐந்தாவது வட்டத்தில் வாட்ச்மேன் மாதையன்
தீவனக் கொட்டகையிலிருந்து கத்தினார்:
"என்னங்கம்மா, தாம்பு ஓட்டறீங்களா?"

எட்டு. ஒன்பது.
"குமிழி வருது" என்றான் புவியரசு.
என் கால் தானாகத் தளர்ந்தது.
"உடாதே, உடாதே, மிதி.
வருது, மேலயே திரும்பிப் போகுது.
கீழ சுத்தமா இருக்கு."
முள் மூன்றில்.
பதினொன்றில் மூன்றில்.
பன்னிரண்டாவது வட்டம் முடியும்போதும்
சுவரில் அடித்த ஆணி மாதிரி
மூன்றிலேயே.

நிறுத்தினேன்.
புவியரசு கதவைத் திறந்து
களத்தின் ஓரமாகப் போய்க் குனிந்தான்.
திரும்பி வந்து வாய் துடைத்தபடி
தன் வயிற்றுக்கும் ஒரு தடுப்புத் தகடு
ஷாநவாஸிடம் சொல்லிவைக்கச் சொன்னான்.

கறுப்பு வட்டங்கள் தரையெங்கும்.
புதன்கிழமைக்குள் கழுவியாக வேண்டும்,
அப்பாவுக்குத் தெரிவதற்குள்.
குச்சி விட்டு அளந்தேன்: ஏழு லிட்டர்.
இடது பக்கம் இன்னும் பார்க்கவில்லை.
ஏற்காட்டின் மேல் மழை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது,
இங்கே வர இருபது நிமிஷம் ஆகலாம்.
"ஏறுடா" என்றேன்.