சுண்ணாம்பு

மூன்றரைக்கு எழுந்தால்தான் நான் பேக்கரிக்குப் போக முடியும்.
போக்னா எழுவதில்லை.
படுத்திருந்தால்தானே எழ.

சமையலறையில் நின்று
கெட்டிலின் அடியில் படிந்த சுண்ணாம்பை
எலுமிச்சைச் சாறு ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.
நேற்று அடுப்பு.
முந்தாநாள் என் பூட்ஸ் இரண்டையும் துடைத்து
மூக்கோடு மூக்கு ஒட்ட நிறுத்தியிருந்தாள்.
வ்ரோட்ஸ்வாஃபிலேயே சுத்தமான வீடு எங்களுடையதுதான்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

வயது இருபத்திரண்டு. நீரியல் படிக்கிறாள்.
ஓட்ராவின் வெள்ள அளவுகளைப் பற்றித் தொடங்கினால்
முன்பெல்லாம் வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.
இப்போது பாதி வாக்கியத்தில் ஒரு சொல் நழுவுகிறது.
அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
அக்டோபரில் அம்மாவின் போனை எடுப்பதை விட்டாள்.
நவம்பரில், மிஹாவின் பிறந்தநாளில்,
மெழுகுவர்த்தி ஊதும் நேரம் பார்த்து அழுதாள்.
'வெங்காயம்' என்றாள்.
கேக்கில் ஏது வெங்காயம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மாணவர் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்.
படுத்த நேரம். கண் அயர்ந்த நேரம். விழித்த நேரம்.
காலையில் மனம் எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
பதினோரு நாளும் 'நான்கு'.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே இருப்பில் போட்டு முடித்த பொய்.

தூக்கம் போனதால் மனம் இருண்டதா,
மனம் இருண்டதால் தூக்கம் போனதா என்று
டாக்டர் கேட்டாராம்.
'இடுப்பளவு வெள்ளத்தில் நிற்பவளிடம்
எந்த மழை என்று விசாரிக்கிறார்' என்று சொல்லிச் சிரித்தாள்.
இந்த மாதத்தில் அந்த ஒரு சிரிப்புதான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில்
அவள் கோட்டு தூங்குகிறது,
இரண்டு கையும் தளர்ந்து.
அதைக்கூடப் பொறாமையோடு பார்க்கிறாள்.

'போய்ப் படு' என்று இன்றைக்கு நான் சொல்லவில்லை.
எத்தனை இரவு சொல்லியிருப்பேன்!
அவள் படுக்கையைத் தேர்வு மண்டபமாக்கியதில்
எனக்கும் பங்கு உண்டு.
தாளையும் ஒரு பென்சிலையும் மேசையில் வைத்தேன்.
'இன்று மட்டும் நிஜத்தை எழுதேன்.'

முதல் டிராம் போனது. தட்டுகள் நடுங்கி அடங்கின.
'ஒன்று' என்று எழுதினாள்.
பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில்,
கட்டத்துக்கு வெளியே, சுழியம்.

பேக்கரிக்குப் போன் செய்தேன், வரவில்லையென்று.
மாவு எனக்காகக் காத்திருக்காது, பொங்கட்டும்.
எட்டு மணிக்கு மருத்துவமனை திறக்கும்.
அதுவரை, சுண்ணாம்பு போன கெட்டிலில்
தண்ணீர் வைத்தேன்.
கழுவ மறந்திருக்கிறாள், தேநீர் புளித்தது.
குடித்தோம்.