தாயின் எண்

ஜூன் கடைசியில் இங்கே இருட்டுவதில்லை.
இரவு பதினொன்றரைக்கும் சன்னலில் வெயில்,
உரிக்க வராத ஸ்டிக்கர் மாதிரி.

மேசையில் தோர்கில்ஸ் அனுப்பிய காகிதங்கள்.
ப்ளோண்டுவோஸுக்கு வடக்கே அவர் பண்ணை.
நாற்பத்தாறு ஆடுகள் ஈன்ற
நாற்பத்தாறு இரட்டைகள்.
காதில் மாட்டிய மஞ்சள் வில்லையின் எண்,
ஊசி உண்டா இல்லையா,
கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு, அல்லது ஒரு சிலுவை.
சில பக்கங்களில் காப்பிக் கறை.
சில கறைகள் காப்பி அல்ல.

முதலில் கை பழகிய வழியிலேயே போனேன்.
ஊசி போட்ட நாற்பத்தாறில் பதின்மூன்று சாவு,
போடாத நாற்பத்தாறில் இருபத்தொன்று.
நான்கு கட்டம் போட்டு, கைவர்க்கச் சோதனை.
எதிர்பார்ப்பு எண்கள் எல்லாம் ஐந்துக்கு மேலே,
எந்த விதியும் முறைக்கவில்லை.
பி-மதிப்பு: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
வேறுபாடு உண்டென்று சொல்வதற்கில்லை
என்று எழுதிவிட்டுக்
கணினியை மூடினேன்.

தூக்கம் வரவில்லை. வெயிலைக் குற்றம் சொன்னேன்.

பிறகுதான் உறைத்தது:
குட்டிகளை நான்கு கட்டத்துக்குள் அடைக்க
ஒரு பத்தியை நீக்கியிருந்தேன்.
தாயின் எண்.

ஒரே கருப்பை, ஒரே மடி,
ஒரே இரவின் பனிமழை.
தாய்க்குப் பால் வற்றினால் இரண்டுக்கும் வற்றும்.
நானோ தொண்ணூற்றிரண்டு அந்நியர்கள்
பஸ்ஸிலிருந்து இறங்கியதுபோல்
தலை எண்ணியிருக்கிறேன்.

திரும்பக் கட்டினேன், இரண்டிரண்டாக.
இரண்டும் பிழைத்தவை இருபத்துநான்கு இணை.
இரண்டும் செத்தவை பன்னிரண்டு.
ஊசி போட்டது மட்டும் பிழைத்தது ஒன்பது.
போடாதது மட்டும் பிழைத்தது ஒன்றே ஒன்று.

மெக்நீமர் சோதனைக்குக் காது ஒரு பக்கம்தான்.
ஒத்துப்போனவர்கள் பேச்சை அது கேட்பதில்லை.
கூடப் பிறந்ததோடு பிரிந்த
அந்தப் பத்தை மட்டும் கூப்பிட்டு
உங்களில் எத்தனை இந்தப் பக்கம் என்கிறது.
ஒன்பதுக்கு ஒன்று.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

சந்தோஷம் வந்தது.
வந்த வேகத்தைப் பார்த்துச் சந்தேகமும் வந்தது.
எடை பிடிக்கும்வரை தராசை மாற்றும்
வியாபாரியா நான்?

நள்ளிரவு தாண்டி அழைத்தேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
"இரண்டில் எதற்கு ஊசி என்று
எப்படி முடிவு செய்தீர்கள்?"
"சுண்டிப் போட்டேன், சோல்ரூன். ஒரு குரோனா."

அதில் பூவும் இல்லை, தலையும் இல்லை.
ஒரு பக்கம் காட் மீன், மறு பக்கம் மலைப்பூதம்.
மீன் விழுந்தால் முதலில் பிறந்ததற்கு,
பூதம் விழுந்தால் இரண்டாவதற்கு.
"ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாகவா?"
"பின்னே? மொத்த மந்தைக்கும் ஒரு தடவையா சுண்டுவார்கள்?"

ஆக, சோதனையைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல.
மே மாதத்திலேயே, ஈர வைக்கோல் மேல்,
எதுவும் சாவதற்கு முன்பே
அது தீர்மானமாகிவிட்டது.
எனக்குச் சேதி தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

முடிவைச் சொன்னேன். நல்லது என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அந்தப் பன்னிரண்டு?
இரண்டையும் இழந்த தாய்கள்.
அவை யார் பக்கம் கணக்கு?"

"யார் பக்கமும் இல்லை.
ஊசியைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது."

போனுக்குள் ஓர் ஆடு கத்தியது.
"ஊசியைப் பற்றி," என்றார்,
கேள்வியாகவும் இல்லை, ஒப்புதலாகவும் இல்லை.

அறிக்கையில் இரண்டு எண்களையும் எழுதினேன்,
எது முதலில் வந்தது,
அது ஏன் பிழை என்பதையும்.
பன்னிரண்டைச் சூத்திரம் கேட்கவில்லை.
அட்டவணையில் அதற்கும் ஒரு வரி போட்டேன்.

காலையில் தோர்கில்ஸிடமிருந்து ஒரு படம்:
கணக்குக்கு எதிராகப் பிழைத்த
அந்த ஒற்றைக் குட்டி,
முப்பத்தொன்றாம் தாயுடையது, பெட்டை.
வியாழக்கிழமை மலைக்கு ஓட்டுகிறார்களாம்.
வேலிக் கம்பியை மென்றுகொண்டு
கேமராவைப் பார்க்காமல் நிற்கிறது.