கருமணி

முள் குத்திய நாளை யாரும் சொன்னதில்லை.
பகீத் துத்துவிடமும் கேட்டேன்:
சோளக்கொல்லையிலா, ஆட்டுப்பட்டியிலா, எந்த வருஷம்?
உதட்டைப் பிதுக்கினான்.
எங்கள் வேலியே கருவேல முள்.
அதையெல்லாம் யார் கணக்கு வைப்பது?

இடது பாதம். ஒன்பது ஆண்டுகள்.
வலிக்கவில்லை, நடந்தான்.
வலிக்கவில்லை, விதைத்தான், கல்யாணம் கட்டினான்,
செருப்பு நுழையாதபோது செருப்பை வெட்டினான்.
வலிக்காததால்தான் இத்தனை தாமதமாய்
சென்னாரிலிருந்து வெங்காய லாரியின் மேல் உட்கார்ந்து
கார்ட்டூமுக்கு வந்திருக்கிறான்,
பாதத்துக்கு மனைவியின் பழைய துணியைச் சுற்றி.

அவிழ்த்தேன்.
பதினொரு புண்வாய்கள்.
ஒவ்வொன்றிலும் கருமணி கருமணியாய்
பூஞ்சை தன்னையே துப்பிக்கொண்டிருந்தது.
கடுகைவிடச் சிறியது. இடுக்கியில் நெரித்தால் மணல்.

பெரிய வேலை இல்லை என்னுடையது.
கழுவு, நசுக்கு, தட்டில் இடு, காத்திரு.
ரொட்டியில் இரண்டே நாளில் பூக்கிற இனத்தில் பிறந்து
இது மட்டும் மூன்று வாரம் யோசிக்கும்.
முளைத்துவிட்டால் தட்டெங்கும் பழுப்பு கசியும்,
யாரோ தேநீரைக் கொட்டியதுபோல.
மரபணுவைப் படிக்கிறவர்கள் மேல்மாடியில்.
தினமும் விழுங்கும் மாத்திரையா,
வாரம் ஒருமுறை விழுங்கினால் போதுமா என்று
சோதிக்கிறவர்கள் எதிர்க் கட்டடத்தில்.
அவர்களுக்கெல்லாம் மணி எடுத்துக் கொடுப்பவள் இஷ்ராகா,
அதாவது நான்.

இதற்குப் பெயர் உண்டா, என்றான்.
சீட்டைப் பார்த்துப் படித்தேன்: மதுரெல்லா.
பெண் பெயரா?
ஊராம். கடலுக்கு அந்தப் பக்கம்.
அந்த ஊர்ப் பாதங்களில் முதலில் பார்த்து எழுதிவைத்தார்களாம்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா,
அவர்கள் பெயர் என் காலில் இருக்கிறது என்று?
தெரியவில்லை, என்றேன்.
அங்கும் ஆடு இருக்கும். வேலி இருக்கும்.
பக்கத்து ஊரைப் பற்றிச் சொன்னதுபோல
தலையாட்டிக்கொண்டான்.

ஏப்ரலில் துப்பாக்கிச் சத்தம் பாலத்தைத் தாண்டி வந்தது.
நான்காம் நாள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
இரண்டாம் எண் உறைபெட்டியில்
நாலாயிரத்துச் சொச்சம் குப்பிகள்:
பாதங்கள், சில உள்ளங்கைகள், ஒரு சிறுவனின் முழங்கால்.
பலருக்கு அந்தப் பாதம் உடம்பில் இல்லை,
அறுத்தாகிவிட்டது.
எங்களிடம்தான் மிச்சம் இருந்தது.
கதவில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
மின்சாரம் போனால் திறக்காதே, குளிர் வெளியேறும்.
நான் திறக்கவில்லை.
உள்ளே சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு
தரையில் உட்கார்ந்திருந்தேன்,
தண்ணீர் கதவடியில் வந்து
என் பாவாடையைத் தொடும்வரை.

பகீத்துக்குக் கொடுத்த மாத்திரைகள்
ரமலான் முடியும்வரை வரும்.
அதற்கப்புறம் என்ன செய்தானோ.
அந்த எண் இப்போது ஒலிப்பதில்லை.

கசலா ஆஸ்பத்திரியில் ஒரு மூலை கொடுத்தார்கள்.
ஒரு மேசை, பத்துப் பன்னிரண்டு தட்டுகள்.
கதகதப்புப் பெட்டி இல்லை,
கசலாவின் மே மாதத்துக்கு அது தேவையும் இல்லை.
கூடாரங்களிலிருந்து ஒருத்தி வந்தாள், ஹவ்வா,
பதினாறு வயது இருக்கலாம்.
குதிகால் லேசாக வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.
மணி இல்லை, புண்வாய் இல்லை,
எடுக்க ஒன்றுமே இல்லை.
பழக்கதோஷத்தில் கேட்டுவைத்தேன்:
முள் குத்தியது எப்போது?

செவ்வாய்க்கிழமை, என்றாள்.
விடியற்காலை. வாத் மதனிக்கு வெளியே, ஓடும்போது.
தம்பி இடுப்பில் இருந்தான், அதனால் குனிய முடியவில்லை.
வெள்ளிக்கிழமைதான் பிடுங்கினேன்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.
பத்தொன்பது வருஷத்தில்
கிழமை சொன்ன முதல் ஆள்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
காசு, அடையாள அட்டை, ஒரு சாவி,
பிறகு சிகரெட் தாளில் மடித்து
அந்த முள்.
ஏன் வைத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

இடுக்கியால் எடுத்துத் தட்டில் இட்டேன்.
மூன்று வாரம் ஆகும், என்றேன்.
இங்கேதான் இருப்போம், என்றாள்.