பட்டியலில் இல்லாத தீவு

ஒன்பது நாளில் பதினோரு தீவுகள்.
தேக்-கியூ பட்டியல் போட்டிருந்தார்:
படகு நேரம், கட்டணம், பார்க்க வேண்டிய பாறை,
ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம்.
மொக்போவில் ஏறி மூன்று கட்டம் நிரப்பியாயிற்று.
நாலாவதுக்குப் போகும் வழியில்
மூடுபனி இறங்கியது.
படகுக்காரர் எங்களை ஏதோ ஒரு கரையில் இறக்கிவிட்டுப்
"பார்க்கலாம்" என்றார்.
எதை என்று சொல்லவில்லை.

ஹாசோக்தோ.
வரைபடத்தில் ஈ உட்கார்ந்த அளவு.
ஒரு கடை, ஒரு தபால்பெட்டி,
கம்பத்தில் சாம்பல்நிற ஒலிபெருக்கி,
கொட்டகைச் சுவரில் தலைகீழாய்ப் பூண்டுக் கட்டுகள்.
அப்புறம் வேலி நெடுக
நீலமாய், வெட்கமே இல்லாத நீலமாய்
ஹைட்ரேஞ்சியா.

கடைக்காரி மா சுன்-இம் மாடி அறையைக் கொடுத்தாள்.
மூன்றாம் வேகத்தில் மட்டும் சுற்றும் மின்விசிறி.
மதியம் சோயாப் பாலில் முங்கிக் கிடந்தன
பனிக்கட்டி போட்ட நூடுல்ஸ்.
"உப்பு இருக்கா?" என்றார் தேக்-கியூ.
அவள் சிரித்துவிட்டாள்.
"உப்பை நாங்கள் விற்போம்.
இதற்குச் சர்க்கரைதான்."

மூன்று மணிக்கு ஓதம் வடிந்தது.
கடல் எழுந்து எங்கோ போய்விட,
அது படுத்திருந்த இடம் முழுக்கச் சேறு,
பளபளவென்று, கண்ணுக்கெட்டிய வரை.
விரல் நீளத்து மீன்கள் சேற்றில் எம்பி எம்பி
ஒன்றையொன்று விரட்டின.
அரைமணி நேரம் பார்த்தோம்.
பேசவில்லை.
பேசாமல் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை,
தேஜோனில் அந்த வசந்தம் முழுவதும் அப்படித்தான்.
ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

இரவு இரண்டரைக்கு ஒலிபெருக்கி இருமியது.
"தலைவர் பியோன் பேசுகிறேன்.
மழை வருகிறது. மேற்கே மழை.
கை உள்ளவர்கள் எல்லாரும் அளத்துக்கு."
"நாம் விருந்தாளிகள்" என்றார் இவர், இருட்டில்.
"கை இருக்கிறதே" என்றேன்.

ஓடினோம்.
பாத்தி பாத்தியாய் இருபது நாள் வெயில்
கணுக்கால் ஆழம்கூட இல்லாமல் கிடந்தது.
நல்ல தண்ணீர் கலந்தால் போயிற்று.
கிழக்குத் திமோரிலிருந்து வந்து
மூன்று கோடையாய் இங்கே உப்பு வாரும் ஜோவானிட்டோ
நெற்றி விளக்கோடு முன்னால் போனான்,
மடைப்பலகையை எப்படித் தூக்குவது என்று
ஒருமுறை காட்டினான், ஒரே முறை.
நான் ஒரு முனை, தேக்-கியூ மறுமுனை.
"இப்போ" என்றேன். தூக்கினார்.
"இப்போ" என்றார். தூக்கினேன்.
தாழ்ந்த கூரையின் கீழே குழிகளுக்குள்
சலசலவென்று ஓடி ஒளிந்தது உப்புநீர்.
பதினாறு பலகை.
யாரோ என் முதுகில் தட்டினார்கள்,
யாரென்று தெரியவில்லை.

மழை வந்தது.
நாலு நிமிடம்.
பிறகு நட்சத்திரங்கள்.
தலைவர் பியோன் வானத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
எல்லாரும் அளத்து வரப்பிலேயே உட்கார்ந்து
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அப்போதுதான் கவனித்தார்,
ஒரு காலில் செருப்பு இல்லை.

காலையில் பனி விலகி, சங்கு ஊதி,
படகு எங்களை அவசரமாய் ஏற்றிக்கொண்டது.
துறையிலிருந்து நூறு அடி போயிருப்போம்.
தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது அந்த இருமல்.
"நீலச் செருப்பு, இடது கால்,
நாலாம் பாத்தியில் அகப்பட்டது. உப்புப் பூத்திருக்கிறது.
தேஜோன்காரர் வந்து வாங்கிக்கொள்ளவும்."
சற்று மௌனம்.
"படகு போய்விட்டதா?"
பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள்.
"சரி."

தேக்-கியூ வலது செருப்பையும் கழற்றிப்
பைக்குள் வைத்தார்.
வெறுங்காலோடு நாலாவது தீவில் இறங்கினார்.
தார்ச்சாலை சுட்டது, தத்தித் தத்தி நடந்தார்.
துறையோரக் கடையில் உட்கார்ந்ததும்,
பார்க்க வேண்டிய பாறை எந்தப் பக்கம் என்று
கேட்கவில்லை.
கிண்ணங்கள் வந்தன.
"சர்க்கரை இருக்கா?" என்றார்
கடைப் பையனிடம்,
மேசைக்கடியில்
உள்ளங்காலைத் தேய்த்தபடி.