கஷ்ட

ஆடிக் காற்று
பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து
மூன்றாம் மாடி வார்டில்
கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது
என்னைவிட வேகமாக.

முப்பத்தோராவது மணி நேரம்.
காலில் கிடப்பது யாருடைய செருப்பு என்று தெரியவில்லை.
லால்ரின்புயா
ரத்த வாயுச் சீட்டைக் கையில் பிடித்தபடி
நின்றுகொண்டே தூங்குகிறான்.
ஐஸ்வாலிலிருந்து வந்தவன்.
ஒன்பதே மாதத்தில்
"சித்த நகருங்க" என்று ஸ்ட்ரெச்சருக்கு
வழி கேட்கப் பழகிவிட்டான்.
தூத்துக்குடிக்காரி எனக்குத்தான்
இன்னும் அந்த "ங்க" ஒட்டவில்லை.
"எங்க வலிக்கி?" என்றால்
அன்னூர்க்காரர் சங்கடத்தோடு சிரித்தார்:
"வலியெல்லாம் இல்லீங் டாக்டரம்மிணி,
மேலுக்கு முடியலீங், அவ்வளவுதானுங்."
அந்த அவ்வளவுதானுங்குக்குள்
முழுசாக ஒரு மாரடைப்பு இருந்தது,
போன புதன்கிழமை.

பதினேழாம் கட்டிலில் சுதாம் நாயக்.
இருபத்துமூன்று. கஞ்சாம் மாவட்டம்.
அரசூர் பக்கம் வார்ப்படப் பட்டறை.
கொண்டுவந்து சேர்த்த சூப்பர்வைசர்
தன் எண்ணில் ஓர் இலக்கம் குறைத்து
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விரல் நுனிகள் கறுத்திருந்தன.
நீலம் பாய்ந்துவிட்டதோ என்று பதறி
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்.
பட்டறை மணல்.
இரண்டு பஞ்சு கறுத்த பின்னும்
கருவி எண் காட்ட மறுத்தது.
காதுமடலில் மாட்டினோம்.
எண்பத்தொன்று.

"கஷ்ட," என்றான்.
"கஷ்ட ஹேஉச்சி."
"என்னப்பா கஷ்டம்?" என்றேன்,
பணமோ, வீடோ, பெண்ணோ என்று நினைத்து.
ஜோத்பூர் மம்தா இந்தியில் கேட்டாள்.
அவன் பாதி இந்தியில் சொன்னான்.
அவள் இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள்.
நான் தமிழில் கோகிலவாணி சிஸ்டரிடம்.
சிஸ்டர் ஊசி போட்டார்.
நாலு கை மாறி வந்த தண்ணீர்போல
எவ்வளவு சிந்தியதோ வழியில்.
ஒடியாவில் கஷ்ட என்றால்
வலியாம்.

மூன்று நாள்.
அப்புறம் இரவு இரண்டு நாற்பது.
நேரத்தைச் சொன்னவள் நான்.
எழுதியவன் லால்ரின்புயா.

ஐந்து மணிக்குத்
தலையணை உறைக்குள்ளிருந்து போன் அடித்தது.
திரையில் "போஉ."
அம்மா என்று அர்த்தமாம்.
அவளுக்கு ஒடியா தவிர வேறெதுவும் தெரியாது.
கேன்டீன் பையன் டுகுனா
கெட்டிலோடு அந்தப் பக்கம் வந்தான்.
பதினெட்டு என்று சொல்லிக்கொள்வான்.
அவனும் கஞ்சாம்தான்.

நான் கொடுத்தது நான்கே சொற்கள்:
உங்கள் மகன் இறந்துவிட்டார், அம்மா.

அவன் பேசினான்.
பேசிக்கொண்டேயிருந்தான்.
கோயம்புத்தூர் என்பதும் டாக்டர் என்பதும்
எனக்குப் புரிந்தன.
கெட்டிலைக் கீழே வைக்க மறந்திருந்தான்;
மூக்கிலிருந்து ஆவி
அவன் முழங்கையில் அடித்துக்கொண்டிருந்தது.
ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான்.

"சொல்லிட்டியா?"

"இல்லீங்கக்கா. தனியா இருக்காங்க.
மாமா வயலுக்குப் போயிருக்காராம்,
ஒம்பது மணிக்குத்தான் வருவாராம்.
அவருகிட்ட சொல்றேன்."

"பின்ன எதுக்குச் சிரிச்ச?"

"பையன் சாப்பிட்டானான்னு கேட்டாங்க.
நான்தான் டீ குடுத்தேன்னு சொன்னேன்.
சர்க்கரை தூக்கலாக் கேப்பானே, குடுத்தியாடான்னாங்க."

கெட்ட செய்தி சொல்வது எப்படி என்று
எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது, முதல் வருடம்.
நான் பத்துக்கு ஒன்பது.

படிவத்தில் பெயரை
ஆதாரில் ஒருவிதமாகவும்
மணிக்கட்டுப் பட்டையில் வேறாகவும் கண்டு
இரண்டுக்கும் நடுவில் எதையோ எழுதினேன்.
ஏழு மணிக்கெல்லாம் பதினேழில்
திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர் படுத்துவிட்டார்,
அவர் மனைவி விரிப்பைத்
தடவித் தடவிச் சரி செய்தாள்.
பல் தேய்த்தேனா, நினைவில்லை.

ரவுண்ட்ஸ்.
பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டார் சீஃப்.
மூன்று புள்ளி இரண்டு என்றேன்.
நேற்றைக்கு? என்றார்.
ஷீட்டைப் புரட்டினேன்.
சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது.
கதவருகே டுகுனா நின்றிருந்தான்.
கையில் கெட்டில் இல்லை.