தொண்ணூற்றொன்பதும் ஒரு யானையும்

மலைக்கோயில் உண்டியல் எண்ணி முடித்த மறுநாள்
இரண்டு மூட்டை சில்லறை எங்கள் வீட்டுக்கு வரும்.
தருமபுரி பேருந்து நிலையத்தின் முதுகில்
ஷீட் போட்ட ஒற்றை அறை.
திருநீறு, குங்குமம், விளக்கெண்ணெய்ப் பிசுக்கு,
எதையோ வேண்டி முடிந்த மஞ்சள் துணி.
எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் ஊறவைத்து
மத்தி மீன்போல் அலசுவாள் சாலம்மா.

நூறு ஒரு ரூபாய், ஒரு கட்டு.
விடியற்காலை நாலரைக்கு
பென்னாகரம் வண்டிக்கு இரண்டு, அரூருக்கு மூன்று,
பாலக்கோடு கண்டக்டர் தீர்த்தகிரிக்கு ஒன்று,
அதுவும் கடன்.
நூற்றுக்கு ஐந்து எங்களுக்கு.

நான் கண்ணால் தேடுகிறவன்.
ஆண்டுக்குக் கீழே புள்ளியா, நட்சத்திரமா,
ஒன்றுமே இல்லையா என்று
லென்ஸோடு குனிந்து குனிந்து
கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.
பதினோரு வருஷத்தில்
தாமரை போட்ட இருபது பைசா நான்கு
(தங்கம் கலந்திருக்கிறதென்று ஊரே உரசிப் பார்த்த காசு),
தலை சாய்ந்து அச்சான ஐம்பது பைசா ஒன்று.
அதை விற்றுத்தான் இந்த டேபிள் ஃபேன்.

சாலம்மா பார்ப்பதேயில்லை.
முகம் டிவியில், கை காசில்.
ஒன்றுபோல் நடிக்கும் இரண்டு ரூபாயை
விளம்பர இடைவேளைக்குக் காத்திராமல்
விரலே ஒதுக்கிவிடும்.

ஆடி மாதம், ஒரு ராத்திரி
அந்தக் கை நின்றது.
"இது வேற சத்தம்."

செம்பு. வட்டமென்று சொல்ல முடியாத வட்டம்.
ஒரு பக்கம் மழமழவென்று, ஆற்றுக்கல்.
மறு பக்கத்தில் கீறல் என்று நான் துடைத்தது
தும்பிக்கை.
பிறகு முதுகு வந்தது, தூக்கிய வால் வந்தது.
நடந்துகொண்டிருக்கிறது யானை.
அதன் தலைக்கு மேல் ஒரு ஓட்டை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
அன்வர் பாஷா தராசில் வைத்தார், வெளிச்சத்தில் திருப்பினார்.
"மைசூர்க்காரங்க காலத்துக் காசு.
ஓட்டை இல்லேன்னா ரெண்டாயிரம்.
ஓட்டையோட நூத்தம்பது."

"அப்போ ஓட்டை மட்டும்
ஆயிரத்து எண்ணூத்தம்பதா பாய்?"
என்றாள் சாலம்மா.
அவர் சிரித்து டீ சொன்னார்.
விலையை ஏற்றவில்லை.

திரும்பும் வண்டியில்
ஜன்னலுக்கு வெளியே மாங்காய் மண்டிகள் ஓடின.
வழுக்கைப் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தபடி சொன்னாள்:
"கையில புழங்கியிருந்தா ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கும்.
இது வயித்துல தேஞ்சது.
எந்தக் கொழந்தை அரைஞாண்ல ஆடுச்சோ."
காய்ச்சலுக்குக் கட்டினார்களா, கண்ணேறுக்கா,
முன்னால் பிறந்தது தங்காத பயத்துக்கா
என்றெல்லாம் நான் கேட்கவில்லை.
எங்களுக்கு மூன்று முறை அப்படி ஆகியிருக்கிறது.

"சில்லறையா குடுங்கப்பா" என்று
எங்களிடமே கை நீட்டினார் கண்டக்டர்.

அடுத்த மாதம் ஓர் அவசரக் காலை.
கடைசிக் கட்டில் ஒன்று குறைந்தது.
வெளியே வண்டி ஹாரன்.
யானையை எடுத்துச் சொருகிவிட்டாள்,
"தீர்த்தகிரிதானே, கடன்காரன் எண்ணவா போறான்."
தெரிந்து செய்தாளா, தூக்கக் கலக்கமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலமே வந்து நின்றான்.
"மாரண்டஹள்ளியில ஒரு பொடியன்
யானை வேணாம், ரூவா குடுன்னு
வண்டியையே நிறுத்திட்டான்க்கா."
ஒரு ரூபாய் கொடுத்து யானையை மீட்டாள்.
பழைய பாக்கியைப் பற்றி
அவன் வாயைத் திறக்கவில்லை, நாங்களும்.

இப்போது எண்ணும்போது அது தட்டின் ஓரத்தில் கிடக்கிறது.
தொண்ணூற்றொன்பதில் கை தடுமாறினால்
அடுக்கின் மேல் யானை ஏறிக்கொள்ளும்.
நூறாவது கிடைத்ததும் இறங்கிவிடும்.
வழுக்கைப் பக்கம் மேலே தெரியத்தான் வைக்கிறாள்.

நேற்று அவள் தூங்கிய பிறகு
லென்ஸை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.
ஆண்டு இல்லை. புள்ளி இல்லை.
வெகுநேரம் பார்த்தேன்.